தாமரை வட்டத்தின் 19ஆம் சுற்று

அன்புள்ள அக்காமாருக்கும் மைனிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

1994 முதல் 2003 வரை என் வீட்டுத் திண்ணையிலும், பிறகு தெருமுனையில் வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையிலும் இருந்து என்னோடு குரோஷா பின்னிய 23 பேருக்கும் இந்தக் கடிதம். உங்களில் பாதிப்பேர் இன்றைக்கும் இரணியலிலும் நெய்யூரிலும்தான் இருக்கிறீர்கள். சிலர் பிள்ளைகளோடு திருவனந்தபுரம் போய்விட்டீர்கள். இரண்டு பேர் வளைகுடாவில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இருப்பதாகக் கேள்வி. மூன்று பேர் இப்போது நம்மோடு இல்லை. எல்லோருடைய விலாசமும் என் கையில் இல்லாததால் நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. அன்று நீங்கள் பின்னிய வட்டங்களைச் சரியில்லை என்று நான் கழித்துப் போட்டது நாலு பேர் பார்க்க. அது தப்பு என்று சொல்வதும் நாலு பேர் பார்க்கத்தான் இருக்க வேண்டும்.

போன ஆடியில் ஒரு சின்னப் பெண் என் வீட்டுக்கு வந்தாள். உங்களில் ஒருவருடைய பேத்தி, கல்லூரி முடித்த பிள்ளை. பாட்டியின் டிரங்குப் பெட்டியிலிருந்து என்னுடைய பழைய உருட்டச்சுத் தாளை எடுத்து, அதைப் பார்த்துத் தானாகவே ஒரு வட்டம் பின்னிக்கொண்டு வந்திருந்தாள். "பாட்டி, இதப் பாருங்க. தரையில வச்சா படியமாட்டேங்கு. குண்டான் மாதிரி எழும்புது" என்றாள். வாங்கிப் பார்த்தேன். உண்மையிலேயே அதில் கால்படி அரிசி அளக்கலாம்.

முதல் காரணம் உடனே பிடிபட்டது. நான் தையல் கற்றது கன்னியாஸ்திரீகளிடம். அவர்கள் சொன்ன பெயர்கள் இங்கிலாந்துக்காரர்கள் வைத்த பெயர்கள். நாம் 'டிரபிள்' என்று சொல்லும் கண்ணிக்கு அமெரிக்காவில் 'டபுள்' என்று பெயர். அவர்கள் 'டிரபிள்' என்பது நம்முடையதைவிட ஒரு சுற்று நூல் கூடுதலாக எடுத்துப் போடும் உயரமான கண்ணி. இந்தப் பிள்ளை கைபேசியில் அமெரிக்கப் படங்களைப் பார்த்துப் பழகியவள். என் தாளில் 'டிரபிள்' என்று படித்ததும், தான் பழகிய டிரபிளைப் போட்டிருக்கிறாள். ஒரே சொல், இரண்டு நாட்டில் இரண்டு உயரம். அந்தத் தாளின் தலையில் எந்த நாட்டு முறை என்று நான் ஒரு வரி எழுதவில்லை. 1994இல் நமக்கு அந்தக் கேள்வியே வரவில்லை. அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு எழுதும் தாள் முப்பது வருஷம் கழித்து யார் கையில் போய்ச் சேரும் என்று நான் யோசிக்கவில்லை.

கணக்கு இப்படித்தான் வரும். நம்முடைய டிரபிள் ஏறத்தாழ தன் அகலத்தைப் போல இரண்டு மடங்கு உயரம். ஒரு சுற்று முடிந்தால் வட்டத்தின் ஆரம் அந்த உயரம் அளவுக்குக் கூடுகிறது. அப்படியானால் வெளி விளிம்பு அந்த உயரத்தின் ஆறேகால் மடங்கு கூட வேண்டும். கண்ணி அகலத்தில் சொன்னால் பன்னிரண்டரை. அதனால்தான் சுற்றுக்கு 12 கண்ணி கூட்டினால் வட்டம் பாய் விரித்தது போலத் தரையில் படிகிறது. மூன்று மடங்கு உயரமான கண்ணிக்குச் சுற்றுக்குப் பத்தொன்பதுக்குக் கொஞ்சம் குறைவாகக் கூட்ட வேண்டும். அந்தப் பிள்ளை 12தான் கூட்டியது. விளிம்புக்கு இடம் போதாமல் உள்ளே இழுத்துக் குண்டானாகிவிட்டது. எதிர்ப்பக்கமாக, அளவுக்கு மேல் கூட்டிக்கொண்டே போனால் விளிம்பு கீரை இலை போல நெளியும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா தைமினா என்ற கணித ஆசிரியை 1997இல் இதே நெளிவைக் குரோஷாவில் பின்னி, தாளில் வரைந்து காட்ட முடியாத ஒரு வடிவ கணிதத்தை மாணவர்கள் கையில் கொடுத்தார். நாம் திண்ணையில் கொக்கி ஊசியோடு இருந்து செய்ததும் கணிதம்தான். யாரும் அதை நமக்குச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தப் பிள்ளையை அனுப்பிவிட்டு, சரி, நாமே ஒன்று பின்னிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். 20ஆம் நம்பர் வெள்ளை நூல், ஒன்றேகால் மில்லிமீட்டர் ஸ்டீல் ஊசி, 28 சுற்று, 12 அங்குலம். எல்லாம் பழையபடி. இந்த முறை தாளில் உள்ளதைத் தவிர ஒன்றும் செய்யக்கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். என் ஓர்மையை நம்பாமல், நான் எழுதிய எழுத்தை மட்டும் நம்பி, வேறு யாரோ எழுதிய தாளைப் போலப் பின்னினேன். எழுதியவளே அப்படிப் பின்னுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. கை தாளைத் தாண்டி ஓடும். பிடித்து நிறுத்த வேண்டும்.

தாமரை எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும். நான் பிறந்த ஊர் தேரூர். சின்ன வயசில் குளிக்கப் போனது அந்த ஊர்த் தாமரைக் குளத்தில். சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகளை 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்த்தபோது ஊரே பறவைகளைப் பற்றிப் பேசியது. எனக்கு ஓர்மை வந்தது பொகுட்டு. இதழ் எல்லாம் உதிர்ந்த பிறகு தண்ணீர்மேல் தனியாக நிற்கும் அந்தப் பச்சைப் பொகுட்டும், அதன் குழிக்குள் இருக்கும் விதைகளும். நடுவில் பொகுட்டு, அதைச் சுற்றி 12 இதழ், இதழுக்கு வெளியே தண்ணீர் வளையம் போல வலை, விளிம்பில் சின்னச் சின்ன முத்து. 'தாமரை வட்டம்' என்று தாளின் தலையில் எழுதி, 'வடிவமைப்பு' என்று போட்டு அதற்கு நேரே என் பெயரையும் எழுதினேன்.

18ஆம் சுற்று வரைக்கும் எனக்கு நிறைவாகத்தான் இருந்தது. 19ஆம் சுற்றில்தான் இதழ்கள் முடிந்து வலை தொடங்குகிறது. ஒரு இதழுக்கு 11 டிரபிள், இதழுக்கும் இதழுக்கும் நடுவே 7 செயின் என்று தாள் சொல்கிறது. அப்படியே போட்டேன். 22ஆம் சுற்றில் ஓரம் லேசாக எழும்பத் தொடங்கியது. 28 முடிந்து, கஞ்சி போடாமல், ஊசி குத்தி இழுத்து வைக்காமல், வெறும் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தினேன். சப்பாத்திக் கல்லைக் கவிழ்த்தது போல நின்றது.

இப்போது எண்ணிப் பாருங்கள். 19ஆம் சுற்றில் 12 பங்கு. பங்குக்கு 19 கண்ணி வந்தால் மொத்தம் 228, வட்டம் படியும். 11உம் 7உம் சேர்ந்தால் 18தான். மொத்தம் 216. பன்னிரண்டு கண்ணி குறைகிறது. 20 முதல் 28 வரை எல்லாச் சுற்றும் அதன் மேல்தான் ஏறுகிறது. அந்தக் குறையும் கடைசி வரைக்கும் கூடவே வருகிறது.

அப்படியென்றால் 1994இல் நான் பின்னிய முதல் வட்டம் மட்டும் எப்படிப் படிந்தது? இரண்டு காரணம். என் செயின் தளர்ந்த செயின். உங்களில் பலர் அதைக் கேலி செய்திருக்கிறீர்கள். வயசான காலத்தில் என் விரல் இறுகிவிட்டது. அன்று நான் போட்ட ஏழு மற்றவர்கள் கையில் எட்டு. இன்னொன்று, கஞ்சி. வடித்த கஞ்சியில் முக்கி, பலகையில் விரித்து, ஓரம் முழுக்கக் குண்டூசி குத்தி வெயிலில் வைத்தால் எந்தக் கோணலும் நேராகும். கஞ்சி போகும் வரைக்கும்தான் அந்த நேர்.

ஒரு அங்குலத்தில் இத்தனை கண்ணி, இத்தனை சுற்று வர வேண்டும் என்று தாளின் முதல் வரியிலேயே எழுதுவது வழக்கம். பின்னுகிறவள் ஒரு சின்னத் துண்டு பின்னி, தன் கையை அதோடு ஒத்துப் பார்த்து, ஊசியை மாற்றிக்கொள்வாள். எந்த ஊரிலும் நல்ல தாளுக்கு முதல் இலக்கணம் அதுதான். நான் அதை எழுதவில்லை. என் கையையே அளவுகோலாக வைத்து 23 கைகளை அளந்தேன்.

அந்த வாரமே அந்தப் பெண்ணின் பாட்டி வீட்டுக்குப் போனேன். யார் என்று இங்கே சொல்லவில்லை, அவர் வேண்டாம் என்றார். கட்டஞ்சாயா போட்டுத் தந்தார். ரேடியோவுக்கு அடியில் ஒரு தாமரை வட்டம் விரித்திருந்தது. மஞ்சளாகி, ஒரு பக்கம் ராமபாணப் பூச்சி தின்று, ஆனால் பலகையில் ஒட்டியது போலப் படிந்து கிடந்தது. முப்பது வருஷம் எத்தனையோ தடவை சோப்புப் போட்டுத் துவைத்த துணி. கஞ்சியின் வாசம்கூட அதில் கிடையாது. அதைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஓரத்தில் ஊதா மையில் ஒரு பெருக்கல் குறி. என் குறி. நான் கழித்துப் போட்ட வட்டம் அது.

19ஆம் சுற்றை எண்ணினேன். செயின் எட்டு.

"ஏன் எட்டு போட்டிய?" என்று கேட்டேன்.

"டீச்சர், தாள்ல ஏழுன்னுதான் இருந்து. ஏழு போட்டா இழுக்கும்லா. கை எட்டு கேட்டுச்சு, குடுத்தேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் என்மேல் ஒரு கோபமும் இல்லை. எனக்குச் சாயா இறங்கவில்லை.

ஏன் கழித்தேன் என்பதும் எனக்கு ஓர்மை இருக்கிறது. 12 அங்குல வட்டம் பன்னிரண்டரை வந்திருந்தது. 'அளவு கூடிப்போச்சு, நூல் வீண்' என்று சொல்லிப் பாதிக் கூலி போட்டேன். இதில் இன்னும் கஷ்டமான விஷயம் ஒன்று. 1996இல் வெளியூர்க் கடை ஒன்று நாற்பது வட்டத்தைத் திருப்பி அனுப்பியது. துவைத்ததும் கிண்ணம் போல எழும்புகிறது என்று எழுதியிருந்தார்கள். அந்த நாற்பதும் நான் 'சரி' என்று தேர்ந்தெடுத்து அனுப்பியவை. தாளில் உள்ளதைத் தப்பாமல் பின்னியவை. சரியான வட்டங்கள் கழிவு மூட்டைக்குள் கிடந்தன. அன்று அறையில் எல்லோரையும் உட்கார வைத்து, கஞ்சி சரியாகப் போடவில்லை, ஊசி நெருக்கிக் குத்தவில்லை என்று உங்களைத்தான் ஏசினேன். ஒருத்தியாவது 'டீச்சர், உங்க தாள்ல குறை' என்று எழுந்து சொல்லியிருக்கலாமே என்று இப்போது நினைக்கத் தோன்றுகிறது. அதுவும் நியாயம் கிடையாது. கூலி கொடுக்கிறவளைப் பார்த்து அதைச் சொல்ல முடியாதபடி அந்த அறையை வைத்திருந்தவள் நான்.

தாள் ஒருத்தியுடையது, அதைத் திருத்தியது வேறு கை என்பது நம்மோடு தொடங்கிய கதையும் அல்ல. நம்ம ஜில்லாவுக்கு ரேந்தை என்கிற லேஸ் பின்னல் வந்தது இருநூறு வருஷத்துக்கு முன்னால். ரேந்தை என்ற சொல்லே போர்த்துக்கீசியர் விட்டுப் போன சொல். லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். அந்த அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தோடு ரேந்தைப் பின்னலும் கற்றுக்கொடுத்தார். அது குரோஷா அல்ல. தலையணை மேல் துளை குத்திய தாளைப் பொருத்தி, துளைக்குத் துளை ஊசி நட்டு, மரக்குச்சிகளில் சுற்றிய நூலை ஜோடி ஜோடியாக மாற்றிப் பின்னும் வேலை. அடிமைகளாகப் பிறந்த பெண்பிள்ளைகள் அந்தக் கூலியில் காசு சேர்த்துத் தங்களை மீட்டுக்கொண்டதாக மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல். பெண்கள் தோள்சீலை போட்டுக்கொள்ள அரசாணை வந்தது 1859இல். அந்த இரண்டும் வருவதற்கு முன்பே நம்ம ஊர்ப் பெண்களின் கையில் தலையணையும் குச்சியும் இருந்தன. மால்ட் அம்மையாரின் மகள் எலைசா, மிஷனரி கால்டுவெல்லை 1844இல் கல்யாணம் செய்து இடையன்குடிக்குப் போனபோது ரேந்தையும் கூடவே போனது. பிறகு 1897இல் பெல்ஜியத்திலிருந்து மரி லூயிஸ் தெ மேஸ்டர் என்ற கன்னியாஸ்திரீ முளகுமூட்டுக்கு வந்தார். அங்கும் அநாதைப் பிள்ளைகளின் கையில் ஊசியும் நூலும் வந்தன.

இந்தப் பெயர்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் நான் படித்த புத்தகங்களில் பின்னிய ஒரு பெண்ணின் பெயரைக்கூடப் பார்த்ததில்லை. கற்றுக்கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டியதுதான். நான் மனசாரச் சொல்கிறேன். இருந்தாலும் கடல் தாண்டி வந்த ஒரு வடிவம் இருநூறு வருஷம் நம்ம ஊர் ஈரக் காற்றில், நம்ம ஊர் நூலில், மண்ணெண்ணெய் விளக்கு வெட்டத்தில் பின்னப்பட்டபோது அதில் எத்தனை ஏழு எட்டாகியிருக்கும்? அதை எல்லாம் மாற்றியது யார்? தாள் வந்த இடம் எழுதப்பட்டிருக்கிறது. திருத்திய கை எழுதப்படவில்லை. நான் என் தாளில் செய்ததும் அதேதான்.

கூலியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதம் முடியாது.

ஒரு வட்டத்துக்கு 15 ரூபாய் என்று நான் வைத்ததும் உங்களில் சிலர் முணுமுணுத்தீர்கள். நான் போட்ட கணக்கு இது. முதல் ஏழு சுற்றைக் கடிகாரம் வைத்துப் பின்னினேன். முக்கால் மணி நேரம் ஆனது. ஏழின் நாலு மடங்கு 28. முக்காலின் நாலு மடங்கு மூன்று மணி. மணிக்கு 5 ரூபாய், ஆகவே 15. எழுதி ஒட்டினேன். முழு வட்டத்தை ஒரே மூச்சில் நேரம் பார்த்து நான் பின்னவே இல்லை. மாதிரி வட்டத்தைச் சமையலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் பல நாள் வைத்துப் பின்னினேன்.

வட்டம் அப்படி வளராது என்பது தினமும் பின்னிய உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதல் சுற்று 12 கண்ணி, இரண்டாவது 24, கடைசிச் சுற்று 336. செயினையும் சேர்த்து எண்ணினால் 28 சுற்றுக்கும் ஏறத்தாழ 4,872 கண்ணி. அதில் முதல் ஏழு சுற்றுக்கு 336தான், கடைசி ஒரே சுற்றுக்குச் சமம். பதினாலாம் சுற்று முடிந்ததும் பாதி முடிந்தது என்று நெஞ்சு சொல்லும். உண்மையில் கால்வாசிக்குக் கொஞ்சம் மேல்தான் முடிந்திருக்கும். இந்த முறை கடிகாரம் வைத்தேன். எனக்குப் பதிமூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. எனக்கு 68 வயசு, அது கணக்கில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கல்லூரிப் பெண்ணைச் சரியான கண்ணியில் மறுபடி பின்னச் சொல்லி நேரம் எழுதினோம். பத்தே முக்கால் மணி. 15 ரூபாயைப் பத்தே முக்காலால் வகுத்தால் மணிக்கு ஒரு ரூபாய் நாற்பது காசு. கழித்த வட்டமானால் எழுபது காசு.

அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்குப் போய்விட்டு வந்து ராத்திரி பின்னியவர்களும் நம்மில் இருந்தார்கள். அண்டித் தோட்டின் பால் பட்டு விரல் கறுத்து, தோல் உரிந்து, வெள்ளை நூலில் கறை படுமே என்று சாம்பலும் எண்ணெயும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு ஊசியை எடுப்பார்கள். அப்படியும் ஒரு புள்ளி விழுந்தால் அதையும் கழித்தேன். நேரம் போதவில்லை என்று அவர்கள் சொன்னபோது 'கை பழகினா வேகம் வரும், பைய வரும்' என்றேன். பத்தே முக்கால் மணி வேலை எந்தப் பழக்கத்தில் மூன்று மணியாகும்?

ஆந்திரத்தில் நரசாபுரம் என்ற ஊரில் நம்மைப் போலவே ஆயிரக்கணக்கான பெண்கள் குரோஷா பின்னுகிறார்கள். அவர்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 1982இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். வீட்டுப் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்கிற வேலை என்று பெயர் வைத்துவிட்டால் நேரத்தை யாரும் எண்ணமாட்டார்கள், எண்ணாத நேரத்துக்குக் கூலியும் குறையும் என்பது அவர் எடுத்துக்காட்டியது. அதைப் பிற்காலத்தில் படித்தபோது வெளியூர் வியாபாரிகளை நினைத்துக் கோபப்பட்டேன். என் சுவரில் ஒட்டியிருந்த 15 ரூபாய்த் தாள் அப்போது எனக்கு ஓர்மை வரவில்லை.

வடிவத்தைப் பற்றியும் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பொகுட்டு நன்றாக இருக்கிறது. டிரபிள் ஐந்தைச் சேர்த்து இழுத்து முட்டு முட்டாக எழுப்பிய அந்த நடுப்பகுதி இன்றைக்கும் என் கண்ணுக்குக் கொள்ளாம். இஸ்திரி போட்டால் நசுங்கும், பின்பக்கம் திருப்பித் துண்டு விரித்துப் போட்டால் நிற்கும். இதழ் பரவாயில்லை, நுனி மட்டும் தாமரைக்கு ரொம்பக் கூர். வாழைப்பூ மடல் போல இருக்கிறது. 16ஆம் சுற்றிலிருந்து குறைக்கிறதை 15இலிருந்தே மெதுவாகக் குறைத்தால் உருண்டு வரும். விளிம்பு முத்து வேண்டாம். வளையலிலும் மேசை ஆணியிலும் மாட்டி இழுபடுகிறது. உங்களில் நாலைந்து பேர் முத்தை விட்டுவிட்டு வெறும் வளைவாக முடித்தீர்கள். அதையும் நான் கழித்திருக்கிறேன். அந்த முடிப்புத்தான் இந்த வட்டத்துக்குப் பொருத்தம். இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

எப்படிப் பார்த்தாலும் இந்த வடிவத்தில் துவைத்துப் போட்டும் நிலைத்தது எல்லாம் நீங்கள் மாற்றியது. நான் எழுதியபடி நின்றது பொகுட்டு ஒன்றுதான்.

தாளை மறுபடி எழுதிவிட்டேன். தலையில் 'இங்கிலாந்து முறை' என்று இருக்கிறது. அடுத்த வரியில் அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என்று இருக்கிறது. 19ஆம் சுற்றில் எட்டு. விளிம்பில் முத்து இல்லை. பின்ன ஆகும் நேரம் பத்தே முக்கால் மணி என்று அடியில் எழுதியிருக்கிறேன், இனி யார் கூலி பேசினாலும் அதை வைத்துப் பேசட்டும். 'வடிவமைப்பு' என்ற இடத்தில் என் பெயரை அடித்துவிட்டு இடம் விட்டிருக்கிறேன். யார் முதலில் எட்டு போட்டது, யார் முத்தை விட்டது என்று எனக்குத் தெரியாது. ஒருவரா பலரா என்பதும் தெரியாது. வந்து சொன்னால் எழுதுவேன். பெயர் வேண்டாம் என்பவர்கள் அதையும் சொல்லலாம். தாள் அந்தப் பிள்ளையிடம் இருக்கிறது, அவள் படம் வரைந்து தமிழில் சுத்தமாக எழுதித் தருகிறாள். பழைய தாள் யார் வீட்டில் இருந்தாலும் ஏழு என்பதை அடித்து எட்டு என்று போட்டுவிடுங்கள்.

இனிப் பணம். ஒன்பது வருஷம் நான் குறைத்துக் கொடுத்த கூலி முழுவதற்கும் ஈடு கட்ட எனக்கு வசதி கிடையாது. அதை மறைக்கவில்லை. ஆனால் அளவு கூடிப்போனது என்றும் முத்து இல்லை என்றும் நான் கழித்தவற்றைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மொத்தம் 63 வட்டம், 11 பேர். ஒரு வட்டத்துக்கு 650 ரூபாய் என்று வைத்து 40,950 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன். ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் மிச்சம் இருந்தது அது, என் பிள்ளைகளுக்கும் தெரியும். 650 குறைவு என்று தோன்றினால் சொல்லுங்கள், உட்கார்ந்து பேசுவோம். இல்லாமல் போனவர்களின் பங்கு அவர்கள் பிள்ளைகளுக்கு. கறைக்காகக் கழித்தவை அந்த நோட்டில் இல்லை, அப்போது எழுதி வைக்கவில்லை. அண்டி ஆபீசுக்குப் போனவர்கள் தங்களுடையது எத்தனை என்று சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் எப்போதும் வீட்டில்தான் இருப்பேன். வர முடியாதவர்கள் பிள்ளைகளை அனுப்புங்கள். பழைய வட்டம் வீட்டில் கிடந்தால் கூடவே எடுத்து வாருங்கள், பின்பக்கத்தில் ஊதாக் குறி இருந்தால் கட்டாயம் எடுத்து வாருங்கள். நோட்டு மேசைமேல் இருக்கிறது.

உங்கள்
தையல் டீச்சர்